மறந்ததா, சொல்லாமல் போனதா

பூட்டிக்கொண்ட கம்ப்யூட்டரைத் திறந்து தரச் சொல்லி யார் கூப்பிட்டாலும் அவர் முதலில் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "மறந்துட்டதா, சொல்லாம போனதா?" அதற்குப் பதில் வரும்வரை தோளில் மாட்டிய பையைக் கீழே வைக்க மாட்டார்.

என்னிடம் அதை அவர் கேட்டது தொண்ணூறுகளின் கடைசியில். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் ஷிப்பிங் பிரிவில் நான் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கட்டிங் செக்‌ஷன் ஆட்கள் வந்து என் கம்ப்யூட்டரில் சீட்டு விளையாடுகிறார்கள் என்று, ஆன் செய்ததுமே பாஸ்வேர்ட் கேட்கும்படி செய்து வைத்தேன். அதற்கு மூன்றாம் நாள் எனக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட வீட்டுக்குப் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்று ஆபீஸில் டைப்ரைட்டரை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். இரண்டு வாரம் கழித்து வந்து பட்டனை அழுத்தினால், கறுப்புத் திரையில் பாஸ்வேர்ட் கேட்டு ஒற்றை வரி. நான் வைத்ததில் ஒரு எழுத்துகூட ஞாபகம் வரவில்லை. மூன்று முறை தப்பாக அடித்ததும் திரை அப்படியே நின்றுவிட்டது. மறுநாள் கன்டெய்னர் கிளம்ப வேண்டும். அதற்கான தாள்கள் எல்லாம் அதற்குள்.

மேனேஜர் வேலூருக்குப் போன் போட்டார். பதினோரு மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்கியவரைப் பார்த்ததும் வாட்ச்மேன், இன்டர்வியூவுக்கு வந்தவர் என்று நினைத்து டெய்லரிங் பக்கம் அனுப்பிவிட்டார். நாற்பது வயது இருக்கும். கஞ்சி போட்ட காட்டன் புடவை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம். சாப்பாட்டுப் பை மாதிரி ஒரு துணிப்பை. அதில் ஸ்க்ரூடிரைவர்கள் இருக்கும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"மறந்துட்டதா, சொல்லாம போனதா?"

"நான்தான் மேடம் மறந்துட்டேன்." அழுகை வந்துவிட்டது.

"இதுக்கு இன்னாத்துக்குமா அழுவுற? மறந்தது சுலபம்."

பையைக் கீழே வைத்தார். மின் இணைப்பைப் பிடுங்கினார். கையில் இருக்கும் மின்சாரம் இறங்க, பெட்டியின் இரும்பு உடம்பை ஒருமுறை தொட்டார். கழற்றிய திருகுகளைக் கழற்றிய வரிசையிலேயே தன் டிபன் டப்பாவின் மூடியில் அடுக்கினார். உள்ளே பச்சைப் பலகையில் பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு பேட்டரி இருந்தது. அதை நகத்தால் நெம்பி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இதோட தயவுலதான் அதுக்கு ஞாபகம். கொஞ்ச நேரம் வெளிய இருக்கட்டும். உன் ஃபைலுங்கல்லாம் வேற எடத்துல பத்திரமா இருக்கு." டீ குடித்து முடித்து பேட்டரியைத் திரும்பப் பொருத்தி ஆன் செய்தார். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. தேதியும் நேரமும்கூட அழிந்துபோயிருந்தன. தன் கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம்கூடப் பிசகாமல் நேரத்தைச் சரிசெய்தார்.

"இப்ப புதுசா ஒண்ணு வை" என்று சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். மேனேஜரையும் திரும்பிக்கொள்ளச் சொன்னார். அவர் பாவம், திரும்பிக்கொண்டார்.

அதன்பிறகு ஐந்தாறு வருஷம் எங்கள் கம்பெனிக்கு அவர்தான் வந்தார். வந்தால் என்னோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார். வேலூரில் சத்துவாச்சாரிப் பக்கம் அம்மாவோடு இருந்தார். முன்பு டைப்பிஸ்டாக இருந்து, ஆபீஸில் டைப்ரைட்டர்களை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தபோது அதைப் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார். கல்யாணம் ஆனதா, ஆகி முறிந்ததா என்று கம்பெனியில் பெரிய விவாதமே நடக்கும். ஒருநாள் நான் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் தயிர்சாதத்தைப் பிசைந்தபடி, "பின்னால பேசாம என்னையே கேட்டியே, அதுக்கு சந்தோஷம். ஆனா சொல்ல மாட்டேன்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

நெமிலிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன கதையை அவர் சொல்லி நான் சிரித்திருக்கிறேன். அவசரம் என்று ஹெட்மாஸ்டர் கூப்பிட்டிருக்கிறார். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்து வழக்கமான கேள்வியைக் கேட்டாராம்.

"சொல்லாம போய்ட்டாரும்மா, எங்க கிளார்க்கு."

"எங்க போய்ட்டாரு சார்?"

ஹெட்மாஸ்டர் கொஞ்சம் தயங்கி, "பக்கத்து ரூமுக்கு" என்றாராம். இருவருக்கும் மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. இவர் பையை இறக்காமலே பக்கத்து அறைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். கிளார்க் எழுந்து வந்து, பாஸ்வேர்டை அடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போய் உட்கார்ந்துவிட்டார். பஸ் செலவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டு இவர் திரும்பிவிட்டார்.

"ஆள் இருக்கறப்ப பொட்டிய எதுக்கும்மா கேக்கணும்?" என்பார். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். மகளின் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்த அப்பாக்களை, மகளைக் கூட்டிக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்பியிருக்கிறார். லாங் பஜாரில் ஒரு கடைக்காரர், பிரிந்துபோன தம்பி வைத்த பாஸ்வேர்டை எடுக்கச் சொன்னபோது, தம்பியைக் கூப்பிடுங்கள் என்று கடையிலேயே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். இதனால் அவருக்கு வேலை கம்மிதான். பேஜார் பிடித்த பொம்பளை என்று சிலர் பேசியதை நானே கேட்டிருக்கிறேன். எனக்கு அவர்மேல் மரியாதைதான் கூடிக்கொண்டே போனது. அவர் எங்கள் வீட்டுக்கு வரும்வரை.

என் தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பி.காமில் இரண்டு பேப்பர் பாக்கி. வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, சர்ச் நோட்டீஸ் என்று அடித்துக் கொடுப்பான். அப்பா ரிடையரான வாத்தியார். காலையில் இட்லித் தட்டுக்கு முன்னால் உட்காரும்போதே ஆரம்பித்துவிடுவார். கூடப் படித்தவன் எங்கே சேர்ந்தான், பக்கத்து வீட்டுப் பையன் என்ன வாங்கினான். தம்பி பதில் பேசவே மாட்டான். அவனுக்குச் சுரணை இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு சனிக்கிழமை, பிரின்டருக்கு இங்க் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிப் போனவன் வரவில்லை.

நான்காம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, "உங்க கம்பெனிக்கு வருவாங்களே அந்த அம்மா, அவங்கள வரச்சொல்லு. எங்க போனான்னு அதுலதான் இருக்கும்" என்றார். தம்பியும் ஆன் செய்ததுமே கேட்கும் பாஸ்வேர்ட் வைத்திருந்தான்.

அவர் வந்தார். கேள்வியைக் கேட்கவில்லை. எங்கள் முகங்களைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

"போலீஸ்ல சொன்னீங்களா சார்?"

 அம்மாதான், "வெளிய தெரிஞ்சா நாளைக்கு இவளுக்கு மாப்பிள்ள பாக்க வேணாமா?" என்று என்னைக் காட்டினாள்.

"அவன் தோஸ்துங்க?"

"யாருன்னு தெரியாதும்மா" என்றார் அப்பா.

"சார், தப்பா நெனைக்காதீங்க. அவன் வளர்ந்த ஆம்பள. அவனுதை அவன் இல்லாதப்ப நான் திறக்க மாட்டேன். மொதல்ல ஆளுங்கள கேளுங்க. நானும் கூட வர்றேன்."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. பையையும் கீழே வைக்கவில்லை. அன்று முழுவதும் அப்பாவோடு சுற்றினார். ஸ்டேஷனில் புகார் எழுத வைத்தார். பத்திரிகை அச்சடிக்கும் கடைகளில் விசாரித்தார். தம்பிக்கு நண்பர்கள் என்று நான்கு பேர் இருப்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஆனால் அவன் எங்கே போனான் என்று அவர்கள் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, கூப்பிடாமலே காலையில் வந்து நின்றார். "மனசு கேக்கல" என்றார். பையை இறக்கினார். அப்பாவையும் அம்மாவையும் பின்கட்டுக்குப் போகச் சொன்னார். "ஒரு ஆளு பாத்தா போதும். அக்கா பாக்கட்டும்." பேட்டரியைக் கழற்றி, பொறுத்திருந்து, மாட்டி, நேரத்தைச் சரிசெய்தார். பிறகு நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எங்க போனான்னு மட்டும் பாரு. கிடைச்சதும் மூடிடு."

உடனே கிடைத்துவிட்டது. சிவகாசியில் ஓர் அச்சகத்துக்கு எழுதிய வேலை விண்ணப்பம், விலாசத்தோடு. நான் அத்தோடு மூடியிருக்க வேண்டும். அதற்குக் கீழேயே 'அப்பாவுக்கு' என்று ஒரு ஃபைல் இருந்தது. திறந்தேன்.

ஒன்பது பக்கம். பல நாட்களாக எழுதியது. சாப்பாட்டு நேரத்தில் அப்பா சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அதில் இருந்தது. நான் சிரித்த ஒரு சிரிப்பும் இருந்தது. இரண்டு முறை ரயில் பாதைவரை போய்விட்டுத் திரும்பி வந்ததாக எழுதியிருந்தான். கடைசி வரி, அவன் கிளம்பிய அன்று எழுதியது. 'சிவகாசியிலும் வேலை கிடைக்காவிட்டால் இனி யோசிக்க ஒன்றும் இல்லை.'

 எனக்கு முன்னால் அவருடைய முதுகு. நேராக, அசையாமல், சுவரைப் பார்த்தபடி. இரண்டு நாள், இரண்டு நாள் என்று அந்த முதுகைப் பார்த்துக் கத்த வேண்டும்போல இருந்தது. அதே சமயம், இதை அப்பா படித்திருந்தால் அவரைத் தூக்கி நிறுத்தவே முடியாது என்றும் தோன்றியது.

"கிடைச்சிச்சா?"

"கிடைச்சிச்சு. சிவகாசி."

அன்றே அப்பாவோடு நானும் கிளம்பினேன். நீ எதற்கு என்று கேட்டதற்கு, வருவேன் என்று மட்டும் சொன்னேன். போய்ச் சேரும்வரை எனக்கு உயிர் இல்லை. அச்சகத்து வாசலில் நின்று பார்த்தால், உள்ளே தம்பி மை படிந்த கையோடு தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். வேலை கிடைத்திருந்தது. அப்பாவைப் பார்த்ததும் பயந்து எழுந்தான். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேலை எத்தனை மணிக்கு முடியும்?" என்று கேட்டார். ஆறு மணி என்றான். சரி என்று, எதிரே டீக்கடை பெஞ்சில் மாலைவரை உட்கார்ந்திருந்தார். வா என்று அவனை ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அவன் அங்கேயே இருந்துவிட்டான்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குத் தம்பி வந்திருந்தபோது அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கேக் தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு அவன் முன்னால் போய் நின்றார்.

"தம்பி, நீ இல்லாதப்ப உன் பொட்டிய திறந்தது நான்தான். மன்னிச்சிடுப்பா."

அவன் பதறிப்போனான். "பரவால்ல மேடம், இன்னா நீங்க..." என்றவன், ஒரு நிமிஷம் கழித்து, "யாராவது எதாவது படிச்சீங்களா?" என்று கேட்டான்.

"நான் படிக்கல."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "அட்ரஸ் மட்டும்தான் பாத்தேன்" என்றேன்.

பஸ் ஸ்டாப்வரை அவரோடு நடந்தேன். பஸ் தூரத்தில் தெரிந்ததும் அவர் கேட்டார். "அந்த ரெண்டு நாள் நான் முடியாதுன்னு நின்னேனே. தப்பா ஆயிருக்குமா?"

"இல்ல மேடம். ஒண்ணும் ஆயிருக்காது."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். ஒரே மத்தியானத்தில் இரண்டு பொய். இரண்டுமே நல்லதுக்குத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் ஒருநாள் காலையில், பிரின்டர் ரிப்பேருக்காக அவருக்குப் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாக அவர் சொன்னார். "குடியாத்தத்துல ஒரு வீட்டுல காலேஜ் படிக்கிற பொண்ணு சொல்லாம போய்ட்டாளாம். நேத்து கூப்ட்டாங்க, போனேன். முடியாது, மொதல்ல ஆளுங்கள கேளுங்கன்னுட்டேன். உங்க வீட்டு கதையதான் சொன்னேன். ரெண்டு நாள் பொறுத்தாங்க, ஒண்ணும் ஆவலன்னு."

போனை வைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அரைநாள் லீவ் சொல்லிவிட்டு சத்துவாச்சாரிக்கு பஸ் ஏறினேன்.

மாடிப்படி ஏறிப் போனபோது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஃபைலை, ஒன்பது பக்கத்தை, ரயில் பாதையை, கடைசி வரியை. அவர் துடைப்பதை நிறுத்தவில்லை. ஆனால் ஒரே எழுத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அன்னிக்கே சொல்லல?"

"உங்க மனசு கஷ்டப்படும்னு மேடம்."

"என் மனசு கஷ்டப்பட்டா பட்டுட்டு போவுது. நான் இன்னொருத்தர் வீட்டுல போய் அதையே சொல்லிட்டு வந்திருக்கேன்."

எழுந்து போனை எடுத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பையை எடுத்துத் தோளில் மாட்டினார். செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு படியில் இறங்கியவரை நான்தான் நிறுத்திச் சரியாகப் போட வைத்தேன். நானும் கூடவே போனேன்.

குடியாத்தம் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. பஸ்ஸில் இடம் இருந்தும் பாதி வழி நின்றுகொண்டே வந்தார். அந்த வீட்டுக் கதவைத் தட்டினார். திறந்தது ஒரு பெண். பத்தொன்பது வயது இருக்கும், அழுது வீங்கிய கண்கள். பின்னாலேயே அவள் அம்மா வந்து, "காலையிலதான் போய் கூட்டியாந்தோம்மா. காட்பாடில ஃபிரெண்டு வீட்டுல இருந்திருக்கா. நீங்க சொன்ன மாதிரி கேட்டுப் பாத்தோம், கிடைச்சிட்டா. பொட்டிய திறக்க வேணாம்" என்றார். மேடம் சொன்னதே சரியாகிவிட்டது. அதில் அவருக்கு ஒரு துளிகூடச் சந்தோஷம் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி முழுதாகக் குடித்தார். அந்தப் பெண்ணின் தலையில் கையை வைத்து எடுத்துவிட்டுப் படி இறங்கினார்.

திரும்பும்போது ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தார். பள்ளிகொண்டா தாண்டியதும், "இவ வந்துட்டா, உன் தம்பிக்கு வேல கிடைச்சிச்சு. ரெண்டும் என்னால இல்ல" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இப்ப எப்படி இருக்கான் அவன்?" என்று கேட்டார்.

"நல்லா இருக்கான் மேடம்."

"கேட்டியா?"

"வாரா வாரம் போன் பண்றான். சம்பளம் ஏத்தியிருக்காங்களாம்..."

"அது இல்ல. அந்த ஒம்போது பக்கத்த படிச்ச பெறகு, எப்படிடா இருக்கேன்னு அவன ஒரு தபா கேட்டியா?"

நான் கேட்கவில்லை. படித்ததை மறைப்பதிலேயே ஒரு வருஷத்தையும் செலவழித்திருக்கிறேன் என்று அந்த சீட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. படித்தேன் என்று சொன்னால் அவன் என்னை வெறுப்பான் என்ற பயம் ஒரு பக்கம். கேட்டால் என்ன பதில் வருமோ என்ற பயம் அதைவிடப் பெரிது.

அவர் அதற்குமேல் என்னை எதுவும் கேட்கவில்லை. சத்துவாச்சாரி நிறுத்தத்தில், "வர்றேம்மா" என்று இறங்கிப் போனார். அதன்பிறகும் எங்கள் கம்பெனிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் கம்பெனியே இரண்டு பையன்களை இதற்கென்று வேலைக்கு வைத்த பிறகு வருவது நின்றது. சொல்லாமல் போனவர்கள் விஷயத்தில் அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்று எனக்குத் தெரியாது. ஒருமுறை திறந்துகொடுத்ததாகவும் ஒருமுறை மறுத்ததாகவும் கேள்விப்பட்டேன். ஒவ்வொரு வீட்டிலும் நெடுநேரம் உட்கார்ந்து, போனவர்களைப் பற்றி ஏதேதோ விசாரிப்பாராம்.

குடியாத்தம் போய்வந்த மறுநாள் மதியம், கம்பெனிக்கு எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். அச்சகத்துக்குப் போன் போட்டு, தம்பியைக் கூப்பிடச் சொன்னேன். பின்னால் மெஷின் சத்தம்.

"இன்னாக்கா இந்த நேரத்துல? அப்பாவுக்கு எதாவதா?"

"அப்பா நல்லாத்தான் இருக்காரு. நான் அன்னிக்கு அட்ரஸ் மட்டும் பாக்கலடா. 'அப்பாவுக்கு'ன்னு இருந்தத முழுசா படிச்சிட்டேன். யாருக்கும் சொல்லல."

மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. லைன் துண்டித்துவிட்டான் என்று நினைத்தேன். பிறகு எங்கோ ஒரு கதவு சாத்தப்பட்டது, சத்தம் அடங்கியது.

"நீ எப்படிடா இருக்க?" என்றேன்.

"இரு" என்றான். ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போடுவது கேட்டது. பூத்துக்காரர் மீட்டரைக் காட்டிச் சைகை செய்தார். நான் தலையாட்டிவிட்டு ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டேன். தம்பி பேச ஆரம்பித்தான்.